கேட்காமலே மூன்றாம் மாடிக்குப் போன லிஃப்ட்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலம். இரண்டு பேரும் தனித்தனியாக நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பல்லை நான் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் உத்தியோகம் மேலும் மேலும் உயர வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறவன் நான். ஆனால் எங்கள் கட்டடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று உயர்ந்தால் நல்லது என்று இரண்டு மூன்று நாளாக நினைக்கிறேன்.

இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதக் காரணம் உண்டு. போனில் பேசினால் என் மகள் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால், நான் ஒரு வார்த்தை அடிப்பதற்குள் அந்தப் போன் அடுத்த மூன்று வார்த்தையைத் தானே நினைத்துக்கொண்டு முன்னால் நீட்டுகிறது. முன்கூட்டியே நினைத்துக்கொள்ளும் எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் இப்போது இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். காகிதம்தான் பாவம், நான் எழுதும்வரை பேசாமல் கிடக்கிறது.

விஷயம் லிஃப்ட். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், அதுதான் அந்தப் பல் டாக்டர், நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, "லிஃப்ட் ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி நின்னு யோசிக்குதுங்க, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போற மாதிரி" என்று புலம்பினாரே, ஞாபகம் இருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அதுக்குள்ள ஓடற புரோகிராம் பழசு. நான் சரி பண்ணித் தர்றேன், லிஃப்டை நிறுத்தவே வேண்டாம்" என்றீர்கள். நான் அச்சகத்தில் போர்மேனாக இருந்தவன். ஓடும் மெஷினில் கை வைக்காதே என்று சுவரில் ஆளுயரத்துக்குச் சிவப்பு மையில் எழுதிப்போட்டு, அதற்குக் கீழேயே நின்று ஆயுசு முழுக்கக் கத்தியவன். எங்கள் அச்சகத்தில் பத்து விரலோடு ரிட்டையர் ஆனவர்கள் ரொம்பக் குறைவு, அவர்களில் நான் ஒருவன். "மாப்பிள்ளை, முதல்ல சுவிட்சை அணைச்சிடுங்க" என்று நான் சொன்னதற்கு, "அணைச்சா என் வேலையே இல்லை மாமா, ஓட ஓடத்தான் மாத்தணும்" என்றீர்கள். பெண்ணைக் கொடுக்கும் முன் இந்த ஒரு வாக்கியத்தை யாராவது என் காதில் போட்டிருக்கலாம்.

பிறகு நீங்கள் வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் தரையில் வரிசையாக வைத்து எங்களுக்கு விளக்கிச் சொன்னது மிக அழகாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பழைய புரோகிராம் ஒவ்வொரு தடவையும் எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்கும். நீங்கள் பக்கத்தில் இன்னொன்றை உட்கார வைப்பீர்கள். அது கைகட்டி வேடிக்கை பார்க்கும். எந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் வருகிறதோ, அதை இனிமேல் கேட்க வேண்டாம் என்று வெட்டிவிடும். அடிக்கடி போகிற வழியைக் குறுக்குவழியாக்கி, போகாத வழியைச் சுருட்டி மூலையில் வைக்கும். இத்தனையும் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். "தப்பா நினைச்சிட்டா?" என்று டாக்டர் கேட்டார். "குறுக்குவழி வாசல்ல ஒரு காவல் இருக்கும் சார். பழக்கமில்லாதது ஏதாவது வந்துச்சுன்னா, குறுக்குவழியை விட்டுட்டுப் பழைய நீட்டு வழிக்கே அனுப்பிடும்" என்று நீங்கள் கடைசிச் செருப்பைக் குறுக்கே வைத்தீர்கள். அன்று டாக்டர் ஒரு காலில் என் செருப்போடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கீழ்த்தள வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்க, லிஃப்ட் உங்கள் தலைக்கு மேலே ஆட்களோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கதவு, பிரேக் பக்கமே போகவில்லை என்று நீங்கள் சத்தியம் பண்ணியும் நான் படியில்தான் இறங்கினேன். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்து, எல்லோரும் கைதட்டி, உங்கள் அத்தை பெருமையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட யாரும் உட்காரக் கூடாதென்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

முதல் சில நாள், சொல்லக் கூடாது, சொர்க்கம். நினைத்த இடத்தில் லிஃப்ட் நிற்கும். ஏறின கையோடு கிளம்பும். பிறகுதான் உங்கள் வேடிக்கை பார்க்கிற ஆசாமி இன்னொன்றையும் கவனித்திருக்கிறான். லிஃப்டில் ரொம்ப நேரம் பிடிக்கிற வேலை எது என்று பார்த்திருக்கிறான். மோட்டார் இல்லை, கதவு இல்லை. உள்ளே வந்த மனுஷன் எந்த மாடி என்று யோசித்து, கையை நீட்டி, பட்டனை அழுத்துகிற நேரம்தான் இருக்கிறதிலேயே தண்டம் என்று கண்டுபிடித்துவிட்டான். தினமும் ஒரே பதில் சொல்கிற மனுஷனை எதற்குக் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியையே வெட்டிவிட்டான். ஆளை எப்படி அடையாளம் கண்டான் என்கிறீர்களா, எடையை வைத்து. ஏறின மாடி, நேரம், எடை. இவ்வளவுதான் அவனுக்கு நாங்கள். நாம் ஏறி நின்றால் லிஃப்ட் ஒரு சின்ன மூச்சு விட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் நம்மைக் கொண்டுபோய் விடும். வேறு பட்டனை அழுத்தினால் மறுபேச்சில்லாமல் கேட்கும்தான், ஆனால் யார் அழுத்துகிறார்கள்? ஒரு மாதத்தில் கட்டடம் முழுக்க விரலுக்குப் பட்டன் மறந்துபோய்விட்டது. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் போகிறவர்களைப் போல, லிஃப்டில் ஏறி நிற்க ஆரம்பித்தார்கள். எதிரில் வருகிறவர்களைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. டாக்டர் உடம்பு இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தார். ஒரு நாள் லிஃப்டுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, நின்றுவிட்டது. மனுஷன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மறு வாரம் ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்து ஏறினார், லிஃப்ட் டக்கென்று கிளம்பி அவரை அவர் மாடியில் விட்டது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் மாடி வயலின் டீச்சர் ஒரு நாள் வயலினை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்க ஏறியிருக்கிறார். பெட்டி இல்லாத டீச்சரை லிஃப்ட் வேறு யாரோ என்று நினைத்து ஆறாம் மாடியில் கொண்டுபோய் விட்டது. அங்கே கதவைத் திறந்தவர் யாரோ வருவதாக எதிர்பார்த்துக் காத்திருந்தவர்போல, "வாங்க வாங்க" என்று உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்திருக்கிறார். டீச்சரும் ஏன் வந்தோம் என்று தெரியாமலே குடித்துவிட்டு வந்திருக்கிறார். "வயலின் இல்லாம நான் யாருன்னே அதுக்குத் தெரியலை சார்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, ஊதினது நம் வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே.

இனிமேல்தான் மாப்பிள்ளை, நான் உங்களிடம் சொல்லத் தயங்குகிற பகுதி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.

மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிர் வீடு காலி. வாங்கினவர் வேறு ஊரில் இருக்கிறார். வெள்ளையடிக்க வந்தவன் ஒரு சுவரை மட்டும் இளநீலத்தில் அடித்துவிட்டு, ஏணியையும் வாளியையும் போட்டுவிட்டு, வாசனை போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனவன்தான், ஆளைக் காணோம். பெயின்ட் நெடி எங்கள் ஏழாம் மாடி வரை வருகிறதே என்று சண்டை போடத்தான் நான் முதல் நாள் போனேன். சண்டை போட அங்கே ஆள் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்று இருந்தது, உட்கார்ந்தேன். திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வந்து அந்த நீலச் சுவரில் விழுந்து, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்கேயோ குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். மேலே டீச்சர் வீட்டில் யாரோ ஒரு பிள்ளை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பேசினார்கள், சுவர் வழியாக வரும்போது வார்த்தை எல்லாம் உதிர்ந்து வெறும் குரல்தான் வந்தது. ஒரு நினைப்பு வரும், அது பாதியில் போய் இன்னொன்று வரும், "அப்புறம்?" என்று யாரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க அச்சு மெஷின் காதில் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு, ரிட்டையர் ஆன பிறகும் நிற்காமல் ஓடியது. அன்றைக்குத்தான் நின்றது. நின்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு நான் அங்கேதான். வீட்டில் இப்படி இருக்க முடியாதா என்பீர்கள். முடியாது. நான் நாற்காலியில் சாய்ந்தால் உங்கள் அத்தை, "என்னங்க யோசனை?" என்பாள். ஒன்றுமில்லை என்றால், "ஒண்ணுமில்லைன்னா அந்தப் பரண்மேல இருக்கற பெட்டியைக் கொஞ்சம் இறக்குங்க" என்பாள். இந்த வீட்டுப் பரண் சாமானெல்லாம் நான் ஒன்றும் யோசிக்காத நேரத்தில் ஏறி இறங்கியவைதான். அதனால், பூங்காவுக்கு வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு, ஏழாம் மாடியில் ஏறி மூன்றாம் மாடியில் இறங்கிவிடுவேன். பட்டனைக்கூட அழுத்த வேண்டாம், அதுதான் லிஃப்டுக்கே தெரியுமே. திரும்பி வந்ததும் அவள், "இன்னைக்குப் பூங்காவுல என்ன விசேஷம்?" என்று கேட்பாள். பூங்கா போனவன் ஏதாவது சொல்ல வேண்டாமா? ஒரு நாள், பின்பக்கமாகவே நடக்கிற ஒரு பெரியவரைப் பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான், அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் அவரைப் பற்றிக் கேட்டாள். நானும் தினமும் சொன்னேன். எதிரில் வந்த நாய்மேல் இடித்துக்கொண்டார், அதனிடம் மன்னிப்புக் கேட்டார், பெஞ்சு வரும் என்று தெரியாமலே சரியாக வந்து உட்கார்ந்தார் என்றெல்லாம். வாய் வலித்த ஒரு நாள், அவர் காய்ச்சலில் படுத்திருக்கிறாராம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை வினை வந்தது. நான் வழக்கம்போல இறங்கிப் போய்விட்டேன். உங்கள் அத்தைக்குத் திடீரென்று போர்வைகளை எல்லாம் சலவைக்குப் போட வேண்டும் என்று தோன்றி, பெரிய மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறியிருக்கிறாள். அவளோ ஒல்லி. அவளும் மூட்டையும் சேர்ந்தால் நான். மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், எத்தனையோ எடையுள்ள உலகத்தில் அந்த மூட்டை ஒரு போர்வை கூடவோ குறையவோ இருந்திருக்கக் கூடாதா? ஏழாம் மாடி, நாலு மணி, என் எடை. நான் ஏற்கெனவே இறங்கிப் போனவன் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு சின்ன மூச்சு விட்டது, அவளைக் கூட்டிக்கொண்டு நேராக மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டது.

கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் நியூஸ்பேப்பரை விரித்து, ஷூவைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். எதற்குச் சிரித்தேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால், மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உங்கள் அத்தை லிஃப்டுக்குள் நிற்கிறாள்.

"யாரு?" என்றாள்.

"யாரும் இல்லை."

"யாரும் இல்லாமலா இப்படிச் சிரிச்சீங்க?"

மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். ஏணியை நகர்த்திப் பார்த்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துகூடப் பார்த்தாள், எதற்கென்று தெரியவில்லை. "இங்க என்னதான் பண்றீங்க?" என்றாள். "சும்மா இருக்கேன்" என்றேன். "சும்மான்னா?" என்றாள். மாப்பிள்ளை, படித்தவர் நீங்கள், அந்தக் கேள்விக்கு நீங்களாவது பதில் சொல்லிப் பாருங்கள். எதை வேண்டுமானாலும் விளக்கலாம், இதை மட்டும் விளக்க ஆரம்பித்தாலே திருட்டு முழி வந்துவிடுகிறது.

கொஞ்ச நேரம் அந்த நீலச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்போ பூங்கா?" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். "அந்தப் பின்னாடி நடக்கறவர்?" என்றாள். "அவரும் இல்லை" என்றேன். அதற்குத்தான் அவள் முகம் விழுந்தது. "காய்ச்சல்னு சொன்னீங்களே. நான் ரெண்டு நாளா நினைச்சுக் கவலைப்பட்டுட்டிருந்தேனே" என்றாள். இன்னொரு பெண்பிள்ளை அந்த வீட்டுக்குள்ளிருந்து வந்திருந்தால்கூட அவள் இப்படிக் கலங்கியிருக்க மாட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நீங்க எங்க போவீங்கன்னு அந்த லிஃப்டுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷம் கூட இருக்கேன், எனக்குத் தெரியலை. என்கூட இருக்கறப்போ ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்கீங்களா?" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து மாப்பிள்ளை, எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் அங்கே உங்கள் வீட்டுக்கு வருவதாகப் பெட்டி கட்டிவிட்டாள். திரும்பும் தேதியைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு சால்வை எடுத்து வைத்திருக்கிறாள், அது நல்ல அறிகுறி இல்லை. இந்த வயதில் அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தால், அந்தக் காலி வீட்டில்கூட எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். வெயில் வந்தது, போனது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உங்களை இரண்டு உதவி கேட்கிறேன். முதலாவது, நீங்கள் அத்தைக்கு ஒரு வரி எழுதிப்போட வேண்டும். லிஃப்ட் புரோகிராமில் கோளாறு, அது மாமாவின் வழக்கத்தால் மூன்றாம் மாடிக்குப் போகவில்லை, கண்டபடி போனது, அன்றைக்கு ஒரு நாள்தான் மாமா தற்செயலாக அங்கே இருந்தார் என்று. பொய்தான். ஆனால் உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள், உங்கள் நாற்காலியையே துடைத்து வைக்கிறவள். இரண்டாவது, அந்த வேடிக்கை பார்க்கிற ஆசாமியை லிஃப்டுக்குள்ளிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, பழைய புரோகிராமையே, அந்த யோசிக்கிற மந்தபுத்தியையே, திரும்ப வைத்துவிட வேண்டும். எங்களை எல்லாம் அது மறந்துவிட வேண்டும். ஓட ஓடவே மறக்கடிக்க முடியும் என்றால் அப்படியே செய்யுங்கள், நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நான் முதல் ஆளாக சுவிட்சை அணைக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. குழந்தைக்கு என் முத்தங்கள். மகளுக்கு என் ஆசி. இந்தக் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இருப்பதற்கும் என் ஆசி. உங்கள் வேலையில் வேகம் பெருகட்டும், வீட்டில் நிதானம் பெருகட்டும், இரண்டும் இடம் மாறாமல் இருக்கட்டும். நாலு பேருக்கு நல்லது நினைக்கிற உங்கள் மனசுக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
கலங்கிய மனதுடன்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் படிச்சிருந்தா மறந்துடுங்க. மூணு பக்கத்தைக் கிழிக்க மனசு வராமத்தான் இதையும் சேர்த்து அனுப்பறேன். வெள்ளிக்கிழமை காலையில அத்தை பெட்டியோட கிளம்பினா. பெட்டியை நான் தூக்கறேன்னேன், வேண்டாம்னு தலையாட்டினா, அப்புறம் விட்டுட்டா. ரெண்டு பேரும் லிஃப்டுல ஏறினோம். கதவு மூடலை. அந்தச் சின்ன மூச்சுகூட விடலை. அப்படியே நின்னுது. "என்னங்க, ஏன் நிக்குது?" என்றாள், நாலு நாளுக்கப்புறம் முதல் பேச்சு. எனக்கு நீங்க சொன்ன அந்தக் காவல் ஞாபகம் வந்துது. பழக்கமில்லாதது வந்தா நீட்டு வழிக்குப் போயிடும்னீங்களே. "நீ தனியா போனா எங்க போவேன்னு அதுக்குத் தெரியும், நான் தனியா போனாலும் தெரியும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்க போவோம்னு அதுக்குத் தெரியலை. நாம சேர்ந்து ஏறினதே இல்லை" என்றேன். நெஜம்தான் மாப்பிள்ளை, எங்க கிளம்பினாலும் வண்டி பிடிக்கறேன்னு நான் முன்னாடியே படியில ஓடிடுவேன். அவ பட்டன்களையே பார்த்துட்டு நின்னா. "எனக்கும்தான் தெரியலை" என்றாள். லிஃப்ட் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருந்துது. கடைசியில அவ கையை நீட்டி, கீழ்த்தளத்தை விட்டுட்டு, உச்சி மாடி பட்டனை அழுத்தினா. ஏன்னு நான் கேக்கலை. பழைய புரோகிராம் எல்லாக் கேள்வியையும் முதல்லேருந்து கேட்டுக்கிட்டு, ஒவ்வொரு மாடியா யோசிச்சு யோசிச்சு எங்களைக் கூட்டிட்டுப் போச்சு. மேல வெட்டவெளி. பெட்டியைக் கிடத்தி அது மேலயே உக்காந்தோம். மேகம் ரொம்பக் கீழ இருந்துது. "இப்ப என்ன பண்ணணும்?" என்றாள். ஒண்ணும் வேண்டாம்னேன். கொஞ்சம் பொறுத்து, "இப்ப நான் ஒண்ணும் பண்ணாம இருக்கேனா?" என்றாள். "கேள்வி கேக்கறியே" என்றேன். சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேனாம், அவ சொன்னா. ரயில் போயிருச்சு.

அதனால நீங்க அத்தைக்கு எதுவும் எழுத வேண்டாம், லிஃப்டுலயும் கை வைக்க வேண்டாம். மறுநாள் ரெண்டாம் மாடிக்குப் போனோம். அங்க ஒண்ணுமே இல்லை, மீட்டர் பெட்டியும் வாடின செடி ஒண்ணும்தான், அத்தை தண்ணி ஊத்தினா. இன்னைக்கு எந்த மாடின்னு இன்னும் முடிவு பண்ணலை. நாங்க ஏறினதும் அது கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னு கேக்குது பாருங்க, அத்தை என்னைப் பாக்கறா, நான் அவளைப் பாக்கறேன், அந்த நேரம் எங்களுக்கு வேணும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வைங்க, ஆபீஸ்லேருந்தே ஒரு வரி எழுதினா போதும். ஒரே மாடிக்கு எத்தனை தடவை போனா அது எங்களைப் பழகிக்கும்? அதுக்கு ஒண்ணு குறைச்சலாவே நாங்க போய்க்கறோம்.